பழவேற்காட்டில் ஒரு ராத்திரி தங்கலாமா?

ஏரி ஒரு பக்கம், கடல் மறுபக்கம், நடுவே மணல் திட்டில் குப்பங்கள். சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள் ஒரு தீவு வாழ்க்கை இருக்கிறது. தங்கப் போகிறவர்களும் தங்கவைக்க நினைக்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. பழவேற்காட்டுப் பாலத்தை ஒட்டி சென்னைப் பதிவெண் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கதவைத் திறந்ததும் மீன் கவுச்சியும் டீசல் வாடையும் ஒன்றாக முகத்தில் அடிக்க, பின் சீட்டுப் பாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். பிள்ளைகள் அதற்குள் தண்ணீர் ஓரத்துக்கு ஓடியாயிற்று. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்துகிறார். "சார், போட்டிங் போறீங்களா? முகத்துவாரம் வரைக்கும் போய் அரை அவர் இருந்துட்டு வந்துடலாம். ஃபேமிலிக்குத் தனி போட்டு." பேரம் படிகிறது. எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் குடும்பத் தலைவருக்கு லைஃப் ஜாக்கெட் ஞாபகம் வருகிறது. "அதெல்லாம் எதுக்கு சார்? இடுப்பளவு தண்ணிதான்."

எந்த ஞாயிறு போனாலும் பார்க்கக்கூடிய காட்சி இது. படகுக்காரர் சொல்வது பொய்யும் இல்லை. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அந்த இடுப்பளவு ஏரியில்தான் 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்க வந்த 25 பேரோடு ஒரு படகு கவிழ்ந்தது. 22 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் உறவுக்காரர்கள். யாரிடமும் லைஃப் ஜாக்கெட் இல்லை. சராசரி என்பது மொத்த ஏரிக்குமான கணக்கு. படகு ஓடும் தடத்திலும் முகத்துவாரத்துப் பக்கத்திலும் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஓட்டம் இழுக்கும், அடியில் சேறு காலைப் பிடிக்கும்.

அந்த விபத்துக்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடையும் இருக்கிறது, சவாரியும் நடக்கிறது. இப்போது ரீல்ஸ் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்: "இங்கேயே ஒரு ராத்திரி தங்க முடியுமா? தீவுல கெஸ்ட் ஹவுஸ் ஏதாவது இருக்கா?"

ஊர் எப்படிப்பட்ட ஊர்?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணி ஆறும் காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறுகிறது. இரண்டும் கலக்கிற கலவையில்தான் இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் செழிக்கின்றன. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவில் கிடக்கும் நீளமான மணல் திட்டின் வடபகுதி ஸ்ரீஹரிக்கோட்டா. தென்பகுதியில் லைட் ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம், சாத்தாங்குப்பம், வைரவன்குப்பம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள்.

இருக்கம் தீவையும் சொல்ல வேண்டும். ஆந்திராவின் தடா பக்கம் ஏரிக்குள் இருக்கிறது. நிர்வாகம் தெலுங்கு, வீட்டுப் பேச்சு தமிழ். பீமுலவாரிபாளையத்திலிருந்து படகில்தான் போக வேண்டும். அங்குள்ளவர்களுக்குப் படகுதான் டவுன் பஸ். ஆஸ்பத்திரி, ரேஷன், கல்யாணம் எல்லாம் அதில்தான். அந்தப் படகில் ஏறினால் பள்ளிக்கூடப் பிள்ளையின் இடத்தைப் பிடித்துக்கொண்டு டிரைபாட் நிறுத்தாதீர்கள்.

அறை எங்கே கிடைக்கும்?

மாமல்லபுரத்தையோ புதுச்சேரியையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். பழவேற்காட்டில் நட்சத்திர ஹோட்டல் கிடையாது. வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பொன்னேரியில் லாட்ஜ் பார்க்கலாம். பறவைக்காகவோ ராக்கெட்டுக்காகவோ போகிறவர்களுக்கு ஆந்திரப் பக்கம் சூலூர்ப்பேட்டை வசதி. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறினால் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ், ஷேர் ஆட்டோ.

தெரிந்தவர் மூலமாகக் குப்பத்திலேயே ஒரு வீட்டில் படுக்க இடம் கிடைத்தால், அதிர்ஷ்டம்தான். ஆனால் கிளம்பும் முன் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: அந்த வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வீட்டுக்காரர் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுவார், நீங்களும் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டால் ராத்திரி இரண்டு பேருக்கும் சங்கடம். அறைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று போன உடனேயே பேசிக் கொடுத்துவிடுவது நல்லது. விடியற்காலையில் வீட்டு ஆண்கள் ஏரிக்குப் போயிருப்பார்கள். கணக்கு பார்க்க ஆள் இருக்காது.

பெட்டிச் செய்தி: எப்போது போகலாம்?

● ஜனவரி முதல் மார்ச் வரை: மழை ஓய்ந்து, ஏரி மெல்ல வற்றும் காலம். பூநாரை பார்க்க இதுதான் நேரம்.

● ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை: கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. கடல் மீன் வரத்து குறையும். ஏரி மீனுக்கு கிராக்கி கூடும். வெயில் மணலைக் காய்ச்சிவிடும். செருப்பில்லாமல் ஒரு அடி வைக்க முடியாது.

● அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வடகிழக்குப் பருவமழை, புயல். வானிலை அறிக்கை பார்க்காமல் கிளம்பாதீர்கள். துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் ஊரே வலையைச் சுருட்டி வைத்திருக்கும். நீங்கள் போய் என்ன செய்யப் போகிறீர்கள்?

கடிகாரம் உங்களுடையதல்ல

ஹோட்டலில் தங்கிப் பழகியவர்களுக்குக் குப்பத்தில் முதலில் இடிப்பது நேரம். இங்கே பொழுது விடிவது ராத்திரி இரண்டு மணிக்கு. ஓதம் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்துத்தான் ஏரிக்காரர் கிளம்புவார். அது நாளுக்கு நாள் நேரம் மாறும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும். நடுராத்திரியில் எழ வேண்டும் என்பதால் ராத்திரி எட்டரைக்கே விளக்கணைந்த வீடுகளைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் மணலில் கேம்ப் ஃபயர் போட்டு, ப்ளூடூத் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு வைத்தால், சில மணி நேரத்தில் எழுந்து தண்ணீரில் நிற்க வேண்டியவர் தூக்கம் போகும்.

காலையில் மீன் இறங்கும் துறைக்கு வாருங்கள். ஊரின் உயிர் அங்கேதான். ஏலம் கூவுகிறவர் ஒரே மூச்சில் விலையை ஏற்றிக்கொண்டே போவார். சுற்றி நிற்கும் வியாபாரிகள் தலையசைப்பிலும் விரல் அசைப்பிலும் கேட்பார்கள். கூடையில் பச்சை நண்டுகள் கொடுக்கு கட்டப்பட்டு அடுக்கியிருக்கும். பெரிய நண்டு உயிரோடு வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. அது உள்ளூர்ச் சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏல வட்டத்துக்குள் நுழைந்து "ஒரு கிலோ எவ்வளவு?" என்று கேட்பதும் வேண்டாம். அது மொத்த வியாபாரம். சற்றுத் தள்ளிக் கூறு போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வாங்குங்கள். ஆய்ந்து தருவதற்குத் தனிக் காசு. அதில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முள் குத்திய விரலோடு உப்புத் தண்ணீரில் கை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர் அவர்.

இன்னொன்று: சினை நண்டும், உள்ளங்கையில் பாதிகூட இல்லாத குஞ்சு நண்டும் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லை என்றால் பிடிப்பதும் குறையும்.

தண்ணீருக்குள் வேலி உண்டு

விருந்தாளி கண்ணுக்குத் தெரியாத சங்கதிக்கு வருவோம். ஏரியைப் பார்த்தால் பரந்து கிடக்கிற பொது இடம் மாதிரி இருக்கும். அங்கங்கே குச்சிகள் நட்டிருக்கும். படகை எங்கே வேண்டுமானாலும் விடலாம், எங்கே வேண்டுமானாலும் தூண்டில் போடலாம் என்று தோன்றும். தோன்றுவதுதான், உண்மை வேறு. தெற்கு ஏரியில், முகத்துவாரத்துக்குப் போகும் தடங்களில், தலைமுறை தலைமுறையாக 'பாடு' முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊர்க்காரர் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவ மீனவர்களுக்குப் பாடு உரிமை உண்டு. தலைக்கட்டுக் கணக்கில் பெயர் சேர்ந்தவருக்கு முறை வரும், சேராதவருக்கு வராது. சுத்து வலை, பாடி வலை என்று குச்சி நட்டுக் கட்டும் வலைகள்தான் இதில் முக்கியம். மீன்வளத்தை ஊரே எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறது என்று ஆராய்கிறவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்து இந்த முறையைப் பற்றி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த முறையிலும் குறை இருக்கிறது. உரிமை இல்லாத ஊர்களுக்கு மனத்தாங்கல் உண்டு, சண்டையும் நடந்திருக்கிறது. பெண் பெயருக்குப் பாடு கிடையாது. இருந்தாலும் மீன் ஒரு கைக்கே போய்விடாமல் சுற்றி வர இது உதவுகிறது. சுற்றுலாப் படகு அந்தக் குச்சிகளுக்கு நடுவே புகுந்து வலையை அறுத்துவிட்டால், நஷ்டம் அன்றைக்கு யார் முறையோ அவர் தலையில்தான். அடுத்த முறை வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். வலைக்குப் பணம் தருகிறேன் என்றாலும் போன நாள் திரும்பி வராது.

குச்சி வலையில்லாமலும் ஒரு கூட்டம் ஏரியில் இருக்கிறது. இருளர் பெண்களும் ஆண்களும் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் மேல் தலைகள் மட்டும் மெல்ல நகரும். கேமராவில் ஜூம் போட்டால் பிரமாதமான படம். ஆனால் ஈரத்துணியோடு தண்ணீரில் இருக்கும் பெண்ணை அவரைக் கேட்காமல் படம் எடுத்து இணையத்தில் போடுவதற்கு நாகரிகமான பெயர் எதுவும் கிடையாது. கரையேறி வரட்டும், பேசுங்கள், கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

முகத்துவாரம்: அழகும் ஆபத்தும்

ரீல்ஸில் அதிகம் வருவது முகத்துவாரம்தான். ஒரு பக்கம் ஏரியின் அமைதி, மறுபக்கம் அலை. ஊர்க்காரர்கள் அதிகம் பயப்படுகிற இடமும் அதுதான். ஓதம் வற்றும்போது ஏரித் தண்ணீர் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். முழங்கால் அளவில் நிற்கிறவரையும் அது இழுத்துப் போட்டுவிடும். வெளியே போகும் ஓட்டமும் உள்ளே வரும் அலையும் மோதுகிற இடத்தில் மணல் நிமிடத்துக்கு நிமிடம் சரியும். நீச்சல் தெரியும் என்கிற தைரியத்தில் இறங்கிய இளைஞர்கள் எத்தனையோ பேரைப் பழவேற்காட்டு மீனவர்கள் பிணமாகத் தூக்கியிருக்கிறார்கள். ஆகவே முகத்துவாரத்தில் குளிக்க வேண்டாம். கடற்கரையிலும் உள்ளூர்க்காரர் குளிக்காத இடத்தில் இறங்க வேண்டாம். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்திலிருந்து வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

படகு விஷயத்தில் என் ஆலோசனை ஒரே வரி: தடை இருக்கும் வரை ஏறாதீர்கள். "எல்லாரும் போறாங்களே" என்றால், எல்லாரும் போன படகுதான் 2011-ல் கவிழ்ந்தது. படகுக்காரரைக் குற்றம் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. மீன் கிடைக்காத நாளில் நாலு சவாரி ஓட்டினால் அடுப்பு எரியும். தடை போட்ட அரசு, உரிமம், லைஃப் ஜாக்கெட், ஆள் கணக்கு, பயிற்சி என்று ஒழுங்குபடுத்திய சவாரியைக் கொண்டுவந்திருக்க வேண்டும். பிச்சாவரத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு விடுகிறதே, இங்கே ஏன் முடியாது? முடியாது என்றால் தடையை ஒழுங்காக அமல்படுத்த வேண்டும். இரண்டும் இல்லாமல், விபத்து நடந்தால் மட்டும் விழிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது.

மதியத்துக்கு மேல் கடல்காற்று பிடித்தால் இந்த ஆழமில்லாத ஏரியில் குறுகிய, முரட்டு அலைகள் எழும். தீவுகளுக்கு வேலையாகப் படகில் போகிறவர்கள்கூடக் காலையிலேயே கிளம்பி வெயில் சாய்வதற்குள் திரும்பப் பார்ப்பது அதனால்தான்.

பெட்டிச் செய்தி: ராக்கெட் நாளில்...

பழவேற்காட்டிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டா ஏவுதளம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஏவும் நாளில் லைட் ஹவுஸ் கடற்கரையில் கூட்டம் கூடும். நெருப்புக் கோடு மேலே ஏறுவதை முதலில் பார்ப்பீர்கள், உறுமல் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் காதுக்கு வரும். அதற்குள் பாதிப் பேர் காரை எடுத்திருப்பார்கள். அவசரப்படாதீர்கள். ஸ்ரீஹரிக்கோட்டாவில் இஸ்ரோவின் பார்வையாளர் மாடம் 2019 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. இணையத்தில் முன்பதிவு அவசியம். நமக்கு அது வேடிக்கை நாள். பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்று தண்டோரா வரும் நாள், கூலி இல்லாத நாள். டிரோன் எடுத்துப் போகாதீர்கள். விண்வெளி மையத்துக்குப் பக்கத்தில் பறக்கவிட்டால் போலீஸ் விசாரணை நிச்சயம்.

பூநாரையைத் துரத்தாதீர்கள்

பறவைக்காக வருகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வந்தால் அலைச்சல் மிச்சம். பழவேற்காட்டுப் பாலத்தடியில் பூநாரைக் கூட்டம் நிற்காது. ஆழமில்லாத, சேறு நிறைந்த பரப்புகளைத் தேடித்தான் அவை இறங்கும். தமிழ்நாட்டுப் பக்கம் அண்ணாமலைச்சேரி நல்ல இடம். ஆந்திராவில் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டாவுக்கு ஏரியைக் கீறிக்கொண்டு போகும் சாலையில் நின்றால் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குஞ்சு பொரிப்பதைப் பார்க்க ஆந்திராவின் நேலப்பட்டு. சூலூர்ப்பேட்டையில் ஆந்திர அரசு நடத்தும் பூநாரைத் திருவிழாவுக்குக் கூட்டம் அள்ளும். அமைதியாகப் பறவை பார்க்க நினைக்கிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றுத் தண்ணீரில் ஓட்டி, வடிகட்டித் தின்னும் பறவை. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன இரையை நாள் முழுக்க வடிகட்டினால்தான் வயிறு நிறையும். படகில் விரட்டி, ஒரே நேரத்தில் கூட்டம் எழும்பிப் பறக்கும் 'ஷாட்' எடுத்தால், அது தின்ற தீனியெல்லாம் அந்தப் பறத்தலிலேயே தீர்ந்துவிடும். தமிழ்நாட்டுப் பகுதி 1980-லிருந்து பறவைகள் சரணாலயம். விரட்டுவது பாவம் என்பதோடு குற்றமும்கூட.

உடை, பாட்டில், தண்ணீர்

குப்பத்துத் தெருவில் நடக்கும்போது உங்கள் வீட்டுத் தெருவில் எப்படி நடப்பீர்களோ அப்படி நடந்தால் போதும். கோட்டைக்குப்பம் முதல் ஜமீலாபாத் வரை, மாதா கோயில், பள்ளிவாசல், அம்மன் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் இது. நீச்சல் உடையோடு டீக்கடைக்கு வராதீர்கள். ஜமீலாபாத் பக்கம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளையும் கூடைகளையும் கேட்டு வாங்குங்கள். நினைவுப் பொருள் என்றால் அதைவிட நல்லது இங்கே இல்லை.

மதுபாட்டிலைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. கடற்கரை மணலில் வெறுங்காலோடு வலை இழுக்கிறார்கள். உடைந்த கண்ணாடி ஒன்று பாதத்தில் ஏறினால், உப்புத் தண்ணீரில் அந்தப் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தொழில் கிடையாது. பாட்டிலை அங்கே போடுகிறவர் சென்னைக்குப் போய்விடுகிறார்.

குடிநீர் கையோடு கொண்டுபோங்கள். காலி பாட்டிலையும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை என்பது கடற்கரைக்கும் பொருந்தும். குளியல் விஷயத்தில் சிக்கனம் வேண்டும். மணல் திட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிய ஏடாக நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும். ஒருமுறை உவர்ந்த கிணறு பல மழைக்குப் பிறகும் தேறாது. வீட்டுக்காரர் ஒரு வாளி தண்ணீர் தந்தால், அதில் குளித்து முடிப்பதுதான் மரியாதை.

பெட்டிச் செய்தி: டச்சுக்காரர் தங்கிய கதை

பழவேற்காட்டுக்கு நானூறு வருடங்களுக்கு முன்பே விருந்தாளிகள் வந்தார்கள், வியாபாரிகளாக. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். பிறகு நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி பட்டாவியாவுக்கு அனுப்பிய துறைமுகம் இது என்பது சுற்றுலாக் கையேடுகளில் பெரிதாக வருவதில்லை. 1825-ல் ஊர் முழுமையாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரு பக்கமும் நிற்கும். கல்லறைகள் மீது ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்காதீர்கள். பக்கத்திலேயே ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரல் நீளத்துக்குச் செதுக்கிய ராமாயணக் காட்சிகள் உண்டு. அதைத் தவறவிட்டுவிட்டு வருகிறவர்களே அதிகம்.

கெஸ்ட் ஹவுஸ் வந்தால் யாருக்கு லாபம்?

இனி தங்கவைக்க நினைக்கிறவர்கள் பக்கம். "இவ்வளவு அழகான இடத்தில் ஒரு நல்ல ரிசார்ட் இல்லையே" என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையைக் காட்டலாம். சென்னைக்குத் தெற்கே அந்தச் சாலை நெடுக சுவர்களும் கேட்டுகளும் எழும்பியதில், மீனவர்கள் படகை இழுத்துப் போடவும் வலை காயப்போடவும் வைத்திருந்த கரை எப்படிச் சுருங்கியது என்பதை அங்குள்ள எந்தக் குப்பத்திலும் கேட்கலாம். கரை என்பது மீனவருக்குத் தொழிற்கூடம். அதில் ஒரு நீச்சல் குளம் கட்டினால் தொழிற்கூடத்தின் பாதி போயிற்று.

வேறு வழியும் இருக்கிறது. மாலத்தீவில் 1972-ல் சுற்றுலா தொடங்கியபோது, ஆளில்லாத தீவுகளில் ரிசார்ட், மக்கள் வாழும் தீவுகளில் வெளியாருக்கு இடமில்லை என்றுதான் கொள்கை வளர்ந்தது. பணம் பெரிய கம்பெனிகளுக்கும் தலைநகருக்கும் போனது. 2009-10 வாக்கில் மக்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி வந்ததும் மாஃபுஷி மாதிரியான சின்னத் தீவுகளில் உள்ளூர்க் குடும்பங்களே அறை வாடகைக்கு விட ஆரம்பித்தன. அங்கே மது கிடையாது. நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் ஊர் வழக்கப்படி உடை. விருந்தாளி வந்தாலும் ஊர் தன் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மாஃபுஷியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கெஸ்ட் ஹவுஸ் பெருகியதும் நிலமும் குப்பையும் அங்கே பெரிய பிரச்னையாகிவிட்டன. ஆகவே அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை.

நம் சட்டத்திலேயே இதற்கு ஒரு வாசல் இருக்கிறது. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டின் தரைப் பரப்பையும் அமைப்பையும் முகப்பையும் மாற்றாமல் 'ஹோம்ஸ்டே' நடத்த இடம் தருகிறது. புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. இருக்கிற வீட்டில் ஒரு அறை, ஒரு நல்ல கழிப்பறை, அந்த வீட்டு அடுப்பில் சமைத்த மடவைக் குழம்பு. இதற்கு மகளிர் குழுக் கடனே போதும். ஏலத்தில் பங்கில்லாத, 'பாடு' முறையில் பெயரில்லாத பெண்கள் கையில் நேரடியாகக் காசு சேரக்கூடிய தொழில் பழவேற்காட்டில் அதிகம் இல்லை. இது அப்படி ஒன்றாக அமையலாம்.

ஆனால் இதெல்லாம் ஏரி உயிரோடு இருந்தால்தான். முகத்துவாரம் மணல் மூடிக்கொள்வது பழைய வியாதி. மூடினால் கடல்நீர் ஏறாது, மீன்குஞ்சு உள்ளே வராது, படகு கடலுக்குப் போகாது. ஆந்திரப் பக்க வாய்கள் அடைபட்டதால் தெற்கு வாயின் மீதே பாரம் முழுக்க விழுகிறது. அதை நிரந்தரமாகத் திறந்து வைக்க இரு பக்கமும் நேர்கல் சுவர் கட்டத் தமிழ்நாடு அரசு ரூ.26.85 கோடியில் திட்டம் வகுத்தது. இன்னொரு பக்கம், தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,100 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் நிற்கிறது. கரை அரிக்கும், மணல் நகர்வு மாறும், முகத்துவாரமும் குப்பங்களும் போய்விடும் என்று மீனவர்கள் எதிர்க்கிறார்கள். 2023 செப்டம்பர் 5 அன்று நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஊர் நிம்மதியாகிவிடவில்லை. ஒரு பக்கம் துறைமுகத்தை எதிர்த்துக் கொடி பிடித்துக்கொண்டே, மறுபக்கம் விருந்தாளிக்கு அறை தயார் செய்வது எப்படி என்று ஒரு குப்பம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சுற்றுலாத் துறை இங்கே ஹோம்ஸ்டே பதிவைத் தொடங்குமானால், விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள் இருக்க வேண்டும். வீடு யார் பெயரில், அவர் அந்தக் குப்பத்தில் குடியிருக்கிறாரா? கழிவுநீர் எங்கே போகிறது? ஊர்ப் பஞ்சாயத்தும் பாடு உரிமைக்காரர்களும் ஒப்புக்கொண்டார்களா? பினாமி பெயரில் சென்னைக்காரர் வாங்கிப்போட்ட மணல்மேட்டுக்கு முதல் கேள்வியிலேயே பதில் கிடைக்காது. அந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப அதிகாரிக்குத் தைரியம் இருக்குமா என்பதுதான் எனக்குள்ள சந்தேகம்.